மருத்துவர் பதில்கள்: குரோன் நோயும் குடல் தரும் அறிகுறிகளும்

கேள்வி: எனக்கு வயது 26. எட்டு மாதங்களாக வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில் சாப்பிட்டபின் வலி வருகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பேதியாகிறது. வாய்ப்புண்ணும் ஆறுவதும் வருவதுமாக இருக்கிறது. எடை 64 கிலோவிலிருந்து 57 ஆகிவிட்டது. மனஅழுத்தத்தால் வரும் குடல் எரிச்சல்தான், பயப்பட வேண்டாம் என்று முன்பு சொன்னார்கள். இது குரோன் நோயாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். பரிசோதிக்காமல் விடக்கூடாத அறிகுறிகளை நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். குடல் எரிச்சல் நோய் எனப்படும் ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கும் வலியும் பேதியும் உண்டு. ஆனால் அது ஏழு கிலோ எடையைக் கரைக்காது, இரத்தசோகையை உண்டாக்காது, காய்ச்சலைத் தராது. இன்னொரு கேள்வியையும் உங்களிடம் கேட்க விரும்புகிறேன்: நள்ளிரவில் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பேதி உங்களை எழுப்புகிறதா? ஐ.பி.எஸ். பெரும்பாலும் நோயாளி தூங்கும்போது தானும் தூங்கிவிடும். குடலில் உண்மையான அழற்சி இருந்தால் அது இரவு பகல் பார்ப்பதில்லை. இக்கேள்வியைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது என்றாலும், நோயாளிகளிடம் அது கேட்கப்படாமலே போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குரோன் நோய் என்பது நெடுங்காலம் நீடிக்கும் ஓர் அழற்சி நோய்; வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப்பாதையின் எந்த இடத்திலும் வரக்கூடியது. எனினும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திப்புதான் அது மிகவும் விரும்பித் தங்கும் இடம். அந்தச் சந்திப்பு உங்களுக்கு வலிக்கும் அதே வலது கீழ்ப்பக்கத்தில் இருப்பதால், குடல்வால் அழற்சி என்று எண்ணி அறுவைக்குக் கொண்டுபோன பின் உண்மை தெரியவந்த நோயாளிகளும் உண்டு. 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையும் இந்தச் சந்திப்பைப் பற்றியதே. பெயர்களை ஆங்கில அகரவரிசையில் அச்சிட்டதால் முதலில் நின்றவரின் பெயர் நோய்க்கு வந்து சேர்ந்தது.

இரத்தத்தில் ஹீமோகுளோபின், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி., அல்புமின் என்னும் புரதம், இரும்பு, வைட்டமின் பி12 ஆகியவற்றின் அளவையும், மலத்தில் கால்புரோடெக்டின் அளவையும் முதலில் பாருங்கள். கால்புரோடெக்டின் என்பது குடலுக்குள் திரண்டு வரும் வெள்ளணுக்கள் விட்டுச்செல்லும் புரதம். ஒரு கிராம் மலத்தில் அது 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் குடலில் அழற்சி இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. கூடியிருந்தால் அதை மட்டும் வைத்துக் குரோன் என்று முடிவுகட்டவும் முடியாது. தொற்றும் சில வலிநிவாரண மாத்திரைகளும்கூட அதை உயர்த்தும். எனவே ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்தும் கொலோனோஸ்கோப்பியில் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை சென்று பார்த்து, சதைத் துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். குரோன் உள்ள குடலில் புண் தொடர்ச்சியாக இருக்காது; நல்ல பகுதி, புண்ணான பகுதி, மீண்டும் நல்ல பகுதி என்று விட்டுவிட்டு வரும். ஆழ்ந்த புண்களுக்கு நடுவே சளிச்சவ்வு வீங்கி நிற்பதால், முற்றிய இடங்கள் கூழாங்கல் பாவிய தரையைப் போலத் தெரியும். குடல் காசநோயும் இதே இடத்தில் இதே தோற்றத்தில் வரும் என்பதால், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குமுன் காசநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும்; காசநோய்க்கு ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் அது பரவிவிடும்.

கேள்வி: ஆசனவாய்க்கு அருகில் சீழ்க்கட்டி வந்து இரண்டு முறை அறுத்துவிட்டார்கள். ஆறிய இடத்திற்குப் பக்கத்திலேயே மறுபடி துளை விழுந்து சீழ் கசிகிறது. மூலம் என்று நினைத்து நெடுநாள் களிம்பு தடவினேன். சில மாதங்களாக வயிறும் சரியில்லை. வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்பட்டுக் காலம் கடத்தியவர்களில் நீங்கள் முதல்வரும் அல்லர், கடைசியானவரும் அல்லர். நீங்கள் விவரிப்பது மூலம் அன்று, பௌத்திரம்; அதாவது ஆசனவாயின் உட்பக்கத்திலிருந்து வெளித்தோல் வரை உருவாகும் சீழ் வழி. பௌத்திரம் வந்த எல்லோருக்கும் குரோன் நோய் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அது ஆசனவாய்ச் சுரப்பியில் ஏற்பட்ட தொற்றால் வருவது. ஆனால் அறுத்தும் அடங்காமல், ஒன்றுக்கு மேற்பட்ட துளையுடன், வயிற்றுக் கோளாறும் சேர்ந்து வந்தால் குடலையும் பார்க்காமல் அடுத்த அறுவைக்குப் போகக்கூடாது. குரோன் நோயின் அழற்சி குடற்சுவரின் உட்பரப்போடு நிற்காமல் முழுத் தடிமனையும் ஊடுருவுவதால்தான் இத்தகைய வழிகள் உருவாகின்றன. இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. எடுத்தால் துளை எந்தத் தசையைக் கடந்து எங்கே போகிறது என்பது தெரியும். சீழை வடித்து, வழி மூடிக்கொள்ளாதபடி ஒரு நூலைக் கோத்து வைத்துவிட்டு, பிறகு அழற்சியை அடக்கும் இன்ஃபிலிக்சிமாப் போன்ற ஊசி மருந்தைத் தொடங்குவது வழக்கம். அவசரப்பட்டு அகல வெட்டினால் மலத்தை அடக்கும் தசை பழுதுபடும். அதைத் திரும்பச் சீராக்குவது கடினம்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகக் குரோன் நோய்க்கு, நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் அசதியோபிரின் மாத்திரை சாப்பிடுகிறேன். ஓராண்டாக எந்தத் தொல்லையும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா? மறுபடி பேதியானால் முன்பு மீந்த ஸ்டீராய்டு மாத்திரைகளை நானே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இரண்டுக்கும் வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்நோயில் மிகுதியான தவறுகள் இங்குதான் நடக்கின்றன. குரோன் நோயில் உடம்பு உணர்வதும் குடலில் நடப்பதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. வலியே இல்லாதவரின் குடலில் புண் மெல்ல ஆழமாகிக்கொண்டிருக்கலாம். அது தழும்பாகி, குடல் குறுகிய பின்னரே அவருக்குத் தெரியவரும். மாறாக, புண் முழுவதும் ஆறியவருக்கும் ஐ.பி.எஸ். போலப் பேதி தொடரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு உறிஞ்சப்படாத பித்த அமிலமே பேதியை உண்டாக்கலாம். முன்னவருக்கு மருந்து போதவில்லை. பின்னவருக்கு மருந்தைக் கூட்டிப் பயனில்லை. ஆகவே நலமாக இருக்கிறேன் என்ற உணர்வை நம்பி நிறுத்தாமல், கால்புரோடெக்டின், சி.ஆர்.பி., தேவைப்பட்டால் கொலோனோஸ்கோப்பி ஆகியவற்றைப் பார்த்து, மருத்துவருடன் பேசி முடிவெடுங்கள். அசதியோபிரின் சாப்பிடும் காலம் முழுவதும் இரத்த அணுக்களையும் கல்லீரலையும் குறித்த இடைவெளியில் சோதிப்பதும் கட்டாயம்.

ஸ்டீராய்டு தீயை விரைவாக அணைக்கும், ஆனால் மீண்டும் பற்றாமல் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. நீண்ட நாள் தொடர்ந்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை விழும். வாரக்கணக்கில் சாப்பிட்டபின் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. மேலும், நோய் திரும்பிவிட்டது என்று நீங்கள் நினைக்கும் பேதி வெறும் தொற்றாக இருக்கலாம்; அப்போது ஸ்டீராய்டு அதை மோசமாக்கும். மலப் பரிசோதனை முதலில், மாத்திரை பிறகு. மூட்டுவலி, தலைவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைத் தவிர்த்துப் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளும்படி என் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. நாளுக்கு ஒரு வரி போதும்: மலம் கழித்த எண்ணிக்கை, அதில் இரவில் எத்தனை, இரத்தம் உண்டா, வலி எங்கே, வாரம் ஒருமுறை எடை. கண் சிவந்து வலித்தாலோ, முழங்காலுக்குக் கீழே சிவந்த வலியுள்ள முடிச்சுகள் தோன்றினாலோ அதையும் குறியுங்கள்; அவை தனி நோய்களாக இல்லாமல் இந்நோயின் கிளைகளாக இருக்கக்கூடும். ஆனால் வயிறு உப்பி வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் நின்றுவிட்டாலோ, குளிர்க்காய்ச்சலுடன் வலி ஓரிடத்தில் குத்திட்டு நின்றாலோ, இரத்தப்போக்கு மிகுந்தாலோ நோட்டைத் தேடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. உடன் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்துவிட்டார்கள். இவனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் தைத்த கால்சட்டை இன்னும் நீளம் சரியாக இருக்கிறது, இடுப்புதான் தளர்ந்துவிட்டது. அவ்வப்போது வயிற்றுவலி என்பான், பேதி இல்லை. கவலைப்பட வேண்டுமா?

பதில்: அந்தக் கால்சட்டை நல்ல சாட்சி. பிள்ளைகளிடம் குரோன் நோய் சில வேளைகளில் பேதியே இல்லாமல், வளர்ச்சி நின்றுபோவதையே முதல் அறிகுறியாகக் காட்டும். பழைய உயர, எடைக் குறிப்புகளுடன் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். வளர்ச்சி குன்ற வேறு காரணங்களும் பல உண்டு. அவற்றையும் அவர் பார்ப்பார். குரோன் என்றே உறுதியானால், பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டுக்குப் பதிலாக ஆறு முதல் எட்டு வாரங்கள் வழக்கமான உணவை நிறுத்தி, முழுச் சத்தும் அடங்கிய திரவ உணவை மட்டும் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. பிள்ளைக்கு அது சலிப்பூட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டீராய்டு வளர்ச்சியை மேலும் தடுக்கும். இந்தத் திரவ உணவோ அழற்சியையும் தணித்து எடையையும் கூட்டும்.

கேள்வி: குரோன் நோய்க்கு எந்த உணவை விலக்க வேண்டும்? புகைபிடிப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: எல்லோருக்கும் பொருந்தும் விலக்குப் பட்டியல் இல்லை. குடல் குறுகியிருப்பவர்கள் தோல், விதை, நார் மிகுந்தவற்றைக் குறைக்க வேண்டும்; மற்றவர்கள் பயந்து ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் நோயை முந்திக்கொண்டு சத்துக்குறைவு வந்துவிடும். புகைக்குத் தொடர்பு உண்டு. அது நோயை முடுக்கும், மருந்தின் பலனைக் குறைக்கும், அறுவைக்குப் பின் நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டும். உணவைப் பற்றி முதலில் கேட்டுவிட்டுப் புகையைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.