பனிக்காலத்துல கார் இல்லாம சைக்கிள்லயே கடை கண்ணி வேலையெல்லாம் பார்க்க முடியுமா?

ஜனவரில வேலைக்காக பின்லாந்து ஔலுவுக்கு வர்றோம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்தான், கார் இல்லாம அங்க ஒரு வாரம்கூட ஓட்ட முடியாதுன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க, மளிகை மருந்து பார்சல்னு எல்லாத்துக்கும் சைக்கிள் போதுமான்னு கேட்டிருக்கீங்க.

போதும். நாங்க இங்க வந்து சில வருஷமாச்சு, கொழந்தையும் ஆச்சு, இன்னும் கார் வாங்கல. எங்க அம்மா வீடியோ கால்ல ஒவ்வொரு டிசம்பரும் "ஏன்டி, ஒரு கார் வாங்க வக்கில்லாமலா அவ்வளவு தூரம் போனீங்க"ன்னு கேக்குறாங்க, நானும் சிரிச்சுட்டு விட்டுடுறேன், ஏன்னா -15ல பக்கத்து வீட்டுக்காரர் கார் கண்ணாடியில ஒட்டின ஐஸை சுரண்டி முடிக்கிறதுக்குள்ள நான் பால் வாங்கிட்டு வந்துடுவேன்.

ஆனா ஒண்ணு. இந்த மாதிரி கேள்விக்கு வர்ற பதில் பாதி ஆஃபீஸ் போறதைப் பத்தியே இருக்கும். ஆஃபீஸ்னா ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்குறது, போனதும் ஜாக்கெட்டைக் கழட்டி மாட்டிட்டு உக்காந்துடலாம். கடை வேலை அப்படி இல்ல. லைப்ரரி, மருந்துக்கடை, பார்சல் பாக்ஸ், அப்புறம் மளிகைன்னு நாலு இடத்துல நிறுத்தி, ஒவ்வொரு இடத்துலயும் கிளவுஸைக் கழட்டி பூட்டி, உள்ள 20 டிகிரி சூட்டுல வேர்த்து, மறுபடியும் வெளிய வந்து குளிர்ல பூட்டைத் திறக்கணும். கஷ்டம் ஓட்டுறதுல இல்ல, இந்த நிறுத்தத்துலதான். இதை யோசிச்சு செட் பண்ணிட்டா மத்ததெல்லாம் தானா சரியாயிடும்.

முதல்ல ஊரைப் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா எல்லா பனி ஊரும் ஒண்ணு இல்ல. ஔலு கிட்டத்தட்ட 65 டிகிரி வடக்குல, கடலோரமா இருக்கு. டிசம்பர் கடைசில சூரியன் பத்தரை மணி வாக்குல எட்டிப் பார்த்துட்டு ரெண்டு மணிக்கெல்லாம் போயிடும். அப்படி இருந்தும் 2013ல குளிர்கால சைக்கிளுக்குன்னே நடந்த முதல் உலக மாநாடு இந்த ஊர்லதான் நடந்துச்சு. காரணம் இந்த ஊர் ஜனங்க இரும்பால செஞ்சவங்கன்னு இல்ல, 1970கள்லேருந்தே காருக்கு ஒரு வழி சைக்கிளுக்கு ஒரு வழின்னு பிரிச்சு போட்டுட்டே வந்திருக்காங்க, இப்போ 900 கிலோமீட்டருக்கு மேல சைக்கிள் பாதை இருக்கு, பெரிய ரோடு வந்தா அதுக்கு அடியில சுரங்கப்பாதை வழியா போயிடுவோம், சிக்னல்ல நின்னு விறைக்கிற வேலையே கம்மி. பனி பெஞ்சா முக்கியமான சைக்கிள் பாதையை காலைல ஸ்கூல் ஆஃபீஸ் நேரத்துக்கு முன்னாடியே வண்டி வச்சு தள்ளிடுவாங்க, முழுசா வழிச்சு எடுக்காம அழுத்தி சமமாக்கி விடுவாங்க. மெட்சோகங்கஸ்னு ஒரு ஏரியாவுல இருக்கிற ஸ்கூல் வாசல்ல -17ல பனிக்குள்ள வரிசையா சைக்கிள் நிக்கிற போட்டோ 2018ல உலகம் பூரா சுத்துச்சே, 1200 பசங்கள்ல ஆயிரம் பேர்கிட்ட சைக்கிள்ல வந்தாங்கன்னு, அது ஏதோ சாதனை நாள் இல்ல, இங்க அது சாதாரண செவ்வாய்க்கிழமை மாதிரிதான்.

டொரன்டோல இருக்கிற என் சித்தி பொண்ணுகிட்ட இதைச் சொன்னா அவளுக்கு வயித்தெரிச்சல். அவ இருக்கிற பக்கம் எங்களைவிட குளிர் கம்மிதான், ஆனா கார் ரோட்டைத் தள்ளின பனியைக் கொண்டு வந்து சைக்கிள் லேன்ல குவிச்சுடுறாங்களாம், மிச்ச இடத்துல உப்பைப் போட்டு அது உருகி சேறாகி செயினை அரிச்சுத் தின்னுடுதாம். அதனால வேற ஊருக்குப் போறவங்க யாராவது இதைப் படிச்சா, குளிர் எத்தனை டிகிரின்னு பாக்குறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல சைக்கிள் பாதையை யார் எப்போ சுத்தம் பண்றாங்கன்னு விசாரிங்க.

இன்னொண்ணு நம்ம ஆளுங்க நம்பவே மாட்டாங்க, -15ஐ விட 0தான் மோசம். -15ல பனி காஞ்சு கெட்டியா இருக்கும், டயருக்கு கீழ கருக் மொருக்குன்னு சத்தம் கேக்கும், பிடிமானம் நல்லா இருக்கும். 0ல பகல்ல உருகி ராத்திரி உறைஞ்சு, அதுமேல ஒரு லேயர் தண்ணி நிக்கும். மேல புதுசா பனி தூவிட்டா அடியில நேத்து யாரோ நடந்த கால்தடம் கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்குறது கண்ணுக்கே தெரியாது, முன்சக்கரம் அதுல மாட்டுச்சுன்னா அவ்வளவுதான். நவம்பர்ல பனி விழறதுக்கு முன்னாடி வர்ற வெறும் ஐஸும் இதே ரகம், அப்போ வெளிச்சத்தைத் திருப்பிவிட தரையில வெள்ளையும் இருக்காது, ஒரே கும்மிருட்டு.

அதனால முதல் செலவு டயர். சின்னச் சின்ன கார்பைடு ஆணி பதிச்ச டயர், கடையில நஸ்தாரெங்கஸ்னு கேளுங்க, ஒரு டயர் 40, 50 யூரோ ஆகும். காசு ஒண்ணுக்குதான் இருக்குன்னா முன்சக்கரத்துக்குப் போடுங்க, பின்சக்கரம் வழுக்கினா காலை ஊனி சமாளிச்சுடலாம், முன்சக்கரம் வழுக்கினா யோசிக்கவே டைம் இருக்காது. காத்தை டயர்ல எழுதியிருக்கிற அளவுக்கு ஃபுல்லா அடைக்க வேண்டாம், கொஞ்சம் கம்மியா வச்சா ஆணி நல்லா தரையில படும். ஏப்ரல்ல பனி உருகினதும் குளிர் முழுக்க வழுக்காம இருக்கப் போட்ட ஜல்லி எல்லாம் ரோட்டுல கிடக்கும், கூரான ஜல்லி, பஞ்சர் சீசன் அதுதான், அதைக் கூட்டி அள்ற வரைக்கும் ட்யூப் ஒண்ணு கையில இருக்கட்டும்.

சைக்கிளுக்கு பத்து கியர், டிஸ்க் பிரேக்குன்னு தேடாதீங்க. வயருக்குள்ள தண்ணி போய் உறைஞ்சா கியர் மாறாது, நல்ல குளிர்ல ஃப்ரீவீலுக்குள்ள கிரீஸ் இறுகிடுச்சுன்னா பெடல் முன்னாடியும் சுத்தும் பின்னாடியும் சுத்தும் வண்டி மட்டும் நகராது. இங்க இருக்கிற பெருசுங்க எல்லாம் பெடலைப் பின்பக்கம் மிதிச்சா பிரேக் பிடிக்கிற பழைய வண்டிதான் வச்சிருக்காங்க, வயரே இல்ல, அதுல தண்ணி போய் உறையற பிரச்சனையும் இல்ல. யோப்போன்னு ஒரு குட்டி சைக்கிள், ஹெல்காமா கம்பெனி 1965லேருந்து போட்டது, நடுவுல நிறுத்திட்டு மறுபடி விட்டாங்க, அது எந்தக் கடை வாசல்லயும் கலர் கலரா நிக்கும். எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கினா பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு வந்துடுங்க, குளிர்ல ரேஞ்ச் நல்லாவே குறையும், உறைஞ்ச பேட்டரியை அப்படியே சார்ஜ் போட்டா பாழாயிடும், ரூம் சூட்டுக்கு வந்தப்புறம்தான் போடணும். வண்டியை மட்டும் வெளியவே விடுங்க. பாவமேன்னு ராத்திரி உள்ள கொண்டு வந்தா ஒட்டின பனி உருகி எல்லா சந்துலயும் இறங்கும், காலைல வெளிய எடுத்த அஞ்சு நிமிஷத்துல அது ஐஸ்.

லைட்டு கட்டாயம், முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு, 2020லேருந்து பின் லைட்டும் சட்டப்படி வேணும். ஜாக்கெட்டுல தொங்கவிடுற ரிஃப்ளெக்டர் ஒண்ணு மாட்டிக்கோங்க, இங்க இருட்டுல நடக்குறவங்களுக்கே அது கட்டாயம்.

இப்போ நிறுத்துற விஷயம். போடுற துணியிலேயே தப்பு ஆரம்பிக்கும். ஊர்லேருந்து வர்றவங்க பெட்டியில பருத்தி பனியன் டஜன் கணக்குல இருக்கும், அதை அடியில போட்டுக்கிட்டு மேல பெரிய ஜாக்கெட்டைப் போட்டா முதல் கடைக்குள்ளயே நனைஞ்சுடும், பருத்தி காயவே காயாது, வெளிய வந்ததும் முதுகுல ஈரத்துணி ஒட்டின மாதிரி விறைக்கும். அடியில கம்பளி, மெரினோ ஆட்டுக் கம்பளி கிடைச்சா நல்லது, மேல காத்து புகாத மெல்லிசு ஒண்ணு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது லேசா குளிரணும், அதான் சரியான அளவு, ரெண்டு நிமிஷம் மிதிச்சா சூடாயிடும். கடைக்குள்ள நுழையறப்போவே ஜிப்பைத் திறந்துடுங்க, தொப்பியைக் கழட்டிடுங்க, கூச்சப்படாதீங்க, எல்லாரும் அதைத்தான் பண்றாங்க.

கைக்கு மெல்லிசா ஒரு கிளவுஸ், அதுக்கு மேல விரல் எல்லாம் ஒண்ணா சேர்ந்திருக்கிற பெரிய உறை. பூட்டும்போது மேல் உறையை மட்டும் கழட்டினா போதும், வெறும் கையால இரும்பைத் தொடற அவசியம் வராது. பூட்டுல சாவி போடுற ஓட்டைக்குள்ள ஐஸ் கட்டினா சுடுதண்ணி ஊத்தாதீங்க, அப்போ திறக்கும், அடுத்த கடையில அதைவிட மோசமா இறுகும். வாயால ஊதறதும் அதே கதைதான். பூட்டுக்குன்னு சின்ன ஸ்ப்ரே விக்குது, அது இல்லேன்னா பையில கிடக்குற சானிடைசரை சாவியில தடவி சொருகுங்க, ஆல்கஹால்தானே, இளகிடும். போனை உள்பாக்கெட்ல, உடம்போட ஒட்டி வைங்க, வெளிப்பாக்கெட்ல வச்சா 40 பர்சென்ட் இருந்தாலும் கவுன்டர்ல பணம் கட்டப் போற நேரம் பார்த்து அணைஞ்சுடும்.

வரிசையும் முக்கியம். நான் கிளம்பும்போது காலி பாட்டில், கேன் எல்லாம் பின்னாடி பையில போட்டுக்கிட்டுப் போவேன், இங்க ஒவ்வொண்ணுக்கும் டெபாசிட் உண்டு, கேனுக்கு 15 சென்ட், பெரிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 40 சென்ட், சூப்பர்மார்க்கெட் வாசல்ல இருக்கிற மெஷின்ல போட்டா சீட்டு வரும், அதை பில்லுல கழிச்சுக்கலாம். ஆனா மளிகையைக் கடைசியாதான் வாங்கணும், அதனால லைப்ரரி புக்கு, மருந்துக்கடை, பார்சல் எல்லாம் முடிச்சுட்டு, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற கடைக்குக் கடைசியா வருவேன், பாட்டில் அது வரைக்கும் கடகடன்னு கூடவே வரும். காய்கறியோட வெளிய சுத்துறது பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது.

எது தாங்கும் எது தாங்காதுன்னு ஒரு கணக்கு வச்சுக்கோங்க. முட்டை, பால், தயிர் எல்லாம் அந்த நேரத்துக்கு ஒண்ணும் ஆகாது. உருளைக்கிழங்கு பெரிய பையா இருந்தா தாங்கும். வாழைப்பழத்துக்கு ஃப்ரிட்ஜ் குளிரே ஆகாது, -10ல திறந்து வச்சு கொண்டு வந்தா மறுநாள் தோல் கறுத்து நிக்கும். ரொம்ப மோசம் கொத்தமல்லி. இங்க சூப்பர்மார்க்கெட்ல அது சின்னத் தொட்டியில வேரோட வரும், சுத்தி ஒரு பிளாஸ்டிக் உறை, மேல திறந்திருக்கும். அதை அப்படியே கூடையில வச்சு ஓட்டினா வீட்டுக்கு வர்றப்போ பச்சையாதான் இருக்கும், நல்லா இருக்கேன்னு மேடையில வைப்பீங்க, அரை மணி நேரத்துல உருகி, இலை கண்ணாடி மாதிரி ஆகி, கறுத்து, தண்டு தொங்கிடும், ரசத்துக்குக்கூட ஆகாது. நான் தொட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில தலையோட மூடி கட்டி, கொஞ்சம் காத்து உள்ள இருக்கிற மாதிரி, அதைப் பால் பாக்கெட்டுக்கும் அரிசிக்கும் நடுவுல சொருகுவேன். கறிவேப்பிலை ஏசியன் கடையில கிடைச்சா அதுக்கு ஜாக்கெட்டுக்குள்ள இடம், அந்த விலைக்கு அந்த மரியாதை கொடுக்கணும். கவலையே படாம வாங்கக்கூடிய ஒரே பொருள் ஐஸ்கிரீம்தான்.

மருந்து வாங்கும்போது ஒண்ணு கவனிங்க, வீட்டுல யாருக்காவது இன்சுலின் உண்டுன்னா அது உறையவே கூடாது, உறைஞ்சு இளகினதைப் போடவும் கூடாது. அதைப் பையில போடாம உடம்போட ஒட்டி உள்பாக்கெட்ல கொண்டு வாங்க. சிரப், கண்ணு மருந்தும் உள்ளயே இருக்கட்டும்.

வெயிட்டை பின்கேரியர்ல ரெண்டு பக்கமும் தொங்குற பையில, கீழ இருக்கிற மாதிரி போடுங்க. முன்கூடையில பத்து கிலோ அரிசியை வச்சுட்டு ஐஸ்ல திரும்புனீங்கன்னா ஹேண்டில் உங்க பேச்சைக் கேக்காது. திருப்பத்துல பிரேக் பிடிக்காதீங்க, முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டு அப்படியே உருட்டிட்டுப் போங்க. சைக்கிள் பயமா இருக்கிற நாளைக்கு இங்க இருக்கிற பாட்டிங்க ஒரு வழி வச்சிருக்காங்க, பொட்குகெல்க்கான்னு நாற்காலிக்கு அடியில ரெண்டு நீளமான இரும்புப் பட்டை வச்ச ஒரு சறுக்கு வண்டி, பையை உக்கார்ற இடத்துல வச்சுட்டு பின்னாடி நின்னு ஒரு காலால உந்திக்கிட்டே போவாங்க, எண்பது வயசுலயும் என்னைவிட வேகமா.

மழை பெஞ்சு அது விழுந்த உடனே உறையற நாள் வருஷத்துக்கு சில தடவை வரும், அன்னைக்கு நானும் வண்டியை எடுக்க மாட்டேன். பருப்பும் அரிசியும் வீட்டுல எப்பவும் இருக்குற மாதிரி பார்த்துக்கிட்டா அன்னைக்கு ஒரு நாள் ஒண்ணும் குடி முழுகாது.

நீங்க ஜனவரில வர்றதுல ஒரு லாபம் இருக்கு, யூஸ்டு சைக்கிள் அப்போதான் சல்லிசு, ஏப்ரல் வந்தா எல்லாரும் தேட ஆரம்பிச்சு விலை ஏறிடும். தோரின்னு இங்க எல்லாரும் பழைய சாமான் வாங்கி விக்கிற சைட்ல பாருங்க. பாக்கப் போறப்போ வண்டியை ஒரு மணி நேரமாவது வெளிய நிறுத்தி வைக்கச் சொல்லிட்டுப் போங்க, சூடான ஸ்டோர் ரூம்லேருந்து எடுத்துக் காட்டினா எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும், குளிர்ல நின்னது மிதிச்ச உடனே பிடிக்குதா, பிரேக் விடுதான்னு பார்த்துட்டு காசு கொடுங்க. எந்த ஏரியாவுல வீடு கிடைச்சிருக்குன்னு கமென்ட்ல போடுங்க, அங்கேருந்து கடைக்கு எந்தப் பாதையை முதல்ல தள்ளுவாங்கன்னு சொல்றேன்.