பட்டு பீரோவிலேயே இருக்கட்டும்

கேள்வி: எங்கள் அலுவலக ஆண்டு விழாவுக்கு 1950-களின் மேல்நாட்டு உடை என்று தீம் வைத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பிளவுஸ், சுடிதார் நன்றாகவே தைப்பேன், கவுன் தைத்ததில்லை. இடுப்பு 30 இஞ்ச், இடுப்பிலிருந்து உயரம் 26 இஞ்ச் வேண்டும். அம்மா, முப்பது வருடமான தன் கல்யாணப் பட்டை வெட்டிக்கொள் என்கிறார். வெட்டலாமா? புதுத் துணி என்றால் எத்தனை மீட்டர் எடுக்க?
வாசகி, ஓசூர்

பதில்: பட்டை வெட்டாதீர்கள். பாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை, தையல் கணக்கிலும் அது சரிவராது. நீங்கள் தைக்கப்போவது நம் ஊர் டெய்லர்கள் சொல்லும் அம்ப்ரெல்லா கட். அதன் கீழ்விளிம்பு வட்டமாக வரும், புடவையின் பார்டரோ நேராக ஓடும். வட்டமாக வெட்டினால் புடவையின் அழகே வெட்டுத்துண்டாகப் போய்விடும். முப்பது வருடம் மடித்து வைத்த பட்டு மடிப்புகளில் நைந்திருக்கவும் கூடும். முதல் கவுன் என்றால் இரண்டு மூன்று முறை பிரித்துத் தைக்க நேரும். பட்டில் ஊசி போன இடம் அப்படியே தெரியும்.

அந்தக் காலத்து உருவத்துக்குப் பருத்தி பாப்லின்தான் சரி. புள்ளி போட்டதோ சின்னப் பூ போட்டதோ எடுங்கள். ரேயான், ஜார்ஜெட் வேண்டாம், உடம்போடு ஒட்டித் தொங்கும். 1947 பிப்ரவரியில் பாரிஸில் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் காட்டிய உடைகளிலிருந்து பரவிய மோஸ்தர் இது: இடுப்பு இறுக்கம், கீழே துணி தாராளம். போர்க்காலம் முழுக்கத் துணிக்குப் பஞ்சம் பார்த்த பெண்களுக்கு அந்தத் தாராளம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! அதனால் பாவாடையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

44 இஞ்ச் அகலத் துணியில் நாலரை மீட்டர் எடுங்கள். கணக்கு இதுதான். இடுப்பு 30-ஐ 6.28-ஆல் வகுத்தால் இடுப்பு வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 4¾ இஞ்ச். தையலுக்கு அரை இஞ்ச் கழித்து, 4¼ இஞ்ச் ஆரத்தில் உள்வட்டம் போட வேண்டும். 4¾-உடன் உயரம் 26, மடித்தடிக்க முக்கால் இஞ்ச் சேர்த்தால் வெளிவட்டத்தின் ஆரம் 31½. இரண்டு அரைவட்டமாக வெட்டினால் ஒவ்வொன்றுக்கும் 63 இஞ்ச் நீளம் பிடிக்கும், மொத்தம் 3.2 மீட்டர். பக்கத் தையலுக்குத் தனியாக அரை இஞ்ச் விட மறக்க வேண்டாம். மீதித் துணி மேல்பாகத்துக்கும் கைக்கும். வெட்டுவதற்கு முன் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்.

உங்கள் நேரத்தை மேல்பாகத்துக்குக் கொடுங்கள். பாவாடை கணக்குப்படி வந்துவிடும், கவுன் அழகாக நிற்பதும் நிற்காததும் மேலேதான். உடம்பின் வடிவத்துக்கு மடிப்புத் தையல் போடும் டார்ட் பிடிப்பதெல்லாம் பிளவுஸிலிருந்தே உங்கள் கைக்குப் பழக்கம். ஆனால் பிளவுஸ் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, இது இடுப்பில் சரியாக உட்கார வேண்டும். இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு, பின்கழுத்து எலும்பிலிருந்து நாடா வரை அளந்துகொள்ளுங்கள். முன்பக்கம் தோளிலிருந்து மார்பு வழியாக நாடா வரை. இந்த இரண்டு அளவும் பிளவுஸ் அளவில் கிடையாது.

முதல் வாரம் புதுத் துணியில் கத்தரி வைக்காமல், அப்பாவின் பழைய வேட்டியில் மேல்பாகத்தை மட்டும் வெட்டி, பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். உட்காருங்கள், கையைத் தூக்குங்கள். இடுப்புக் கோடு மேலே ஏறினால் உயரம் போதவில்லை. திருத்திய பிறகு அந்த வேட்டித்துணியைப் பிரித்து அதையே மாதிரியாக வைத்து வெட்டலாம். ஜிப்பை இடது பக்கத் தையலில் வையுங்கள், அந்தக் காலத்து கவுன்களிலும் அப்படி வைப்பது உண்டு. உள்ளே லெஹங்காவுக்குப் போடும் கேன்கேன், அதாவது விறைப்பான நெட் பாவாடை, போதும். நெட் காலை உறுத்தும், அடியில் ஒரு காட்டன் உள்பாவாடை போட்டுக்கொள்ளுங்கள்.

பாவாடையை மேல்பாகத்தோடு இணைத்த உடனே அடியை மடித்துத் தைத்துவிடாதீர்கள். வட்டத்தில் சில இடங்களில் துணி கிராஸாக, அதாவது இழை சாய்வாக, வரும், அங்கெல்லாம் கனத்தில் இறங்கும். என் முதல் அம்ப்ரெல்லா பாவாடையை வெட்டிய அன்றே முடித்தேன், மறுநாள் ஒரு பக்கம் ஒன்றரை இஞ்ச் தொங்கியது, அடி முழுவதும் பிரிக்க வேண்டியதாயிற்று. ஓர் இரவாவது ஹேங்கரில் தொங்கவிடுங்கள். அப்புறம் கேன்கேனோடும் அன்றைக்குப் போடப்போகும் செருப்போடும் போட்டுக்கொண்டு, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் குறி வைக்க வேண்டும். வெட்டிச் சமப்படுத்தி, சின்ன மடிப்பாக அடித்தால் வளைவில் சுருக்கம் விழாது.

அந்தக் குறியைத் தனக்குத்தானே வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. குனிந்தால் பாவாடை ஏறிவிடும். ஸ்கேலையும் சாக்பீஸையும் அம்மா கையில் கொடுத்து, நீங்கள் ஸ்டூலில் ஏறி நேராக நில்லுங்கள். கல்யாணப் பட்டையே வெட்டச் சொன்னவருக்கு இந்த கவுனில் தன் கையும் இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும்.