தொடக்கநிலை கமராவில் இருந்து நடுத்தர டிஎஸ்எல்ஆருக்கு மாறலாமா?

நடுத்தர டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி உள்ள கமரா) என்றால், தொடக்கநிலைக் கமராவில் உள்ள அதே அளவு சென்சரோடு (படத்தைப் பதியும் சில்லு) வேகமான ஃபோகஸும் உறுதியான உடலும் சேர்ந்தது. தொடக்கநிலையான நிக்கோன் டி3500-இல் 11 ஃபோகஸ் புள்ளிகள், செக்கனுக்கு 5 படங்கள். நடுத்தரமான டி7500-இல் 51 புள்ளிகள், 8 படங்கள்.

மாறவேண்டுமா என்பதை உங்களுடைய கெட்டுப்போன படங்களே சொல்லும். கணினியில் திறந்து ஷட்டர் வேகத்தை (ஒளி உள்ளே விழுந்த நேரத்தை) பாருங்கள். வற்றாப்பளைப் பொங்கல் இரவில் எடுத்த முகங்கள் 1/15 செக்கனில் கலங்கியிருந்தால் பிழை வெளிச்சம் போதாததில்தான், கமராவில் இல்லை. கமராவோடு வரும் கிட் லென்ஸ் 55 மிமீ-இல் எஃப்5.6 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது). 50 மிமீ எஃப்1.8 லென்ஸ் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும், அதே இடத்தில் 1/125 கிடைக்கும். டி3500-க்கு ஏஎஃப்-எஸ் வகையே வாங்குங்கள்; பழைய ஏஎஃப்-டி லென்ஸ் அதில் தானாக ஃபோகஸ் ஆகாது.

இரணைமடுவில் பறக்கும் கொக்கு 1/1000-இலும் தெளிவில்லாமல் வந்தால் ஃபோகஸ் பின்தங்குகிறது. அப்போது மாறுவது நியாயமான செலவு. டி7500-இன் உடல் இடுக்குகளை மூடும் அடைப்புகள் கோடைப் புழுதியையும் ஓரளவு தடுக்கும், லென்ஸ் கழற்றும் நேரம் தவிர.

லாண்ட்மாஸ்டரை (இரண்டு சக்கரச் சிறு உழவு இயந்திரம்) விட்டுப் பெரிய உழவு இயந்திரம் எடுத்தால் வேலை விரைவாகும். விதைநெல் சரியில்லையென்றால் விளைச்சல் கூடாது. இங்கே விதைநெல் லென்ஸ்தான்.

மெகாபிக்சல் கூடினால் தரம் கூடும் என்பது பிழை: டி3500-இல் 24.2, விலை கூடிய டி7500-இல் 20.9.