72 மணி நேரம் இன்னும் முடியல தம்பி

சனிக்கிழமை ராத்திரி காண்டம் கிழிஞ்சிடுச்சு, வேளச்சேரி ரூம்ல உக்காந்து கூகுள் பண்ணிட்டே இருக்கேன்னு போட்டிருக்க, இன்னைக்கு திங்கள்தானே, போனை வச்சிட்டு கிளம்பு. சென்ட்ரல் எதிர்ல ஜிஎச் போ, இல்லன்னா தொற்றுநோய் பாக்குற பிரைவேட் டாக்டர், எச்ஐவி வராம இருக்க பெப் மாத்திரை வேணும்னு நேராவே கேளு, காய்ச்சல் தலைவலின்னு சுத்தி வளைக்காத. 72 மணி நேரத்துக்குள்ள இத ஆரம்பிச்சாகணும், எவ்ளோ சீக்கிரம் போடுறியோ அவ்ளோ நல்லது, 28 நாள் ஒரு வேளை கூட விடக்கூடாது, சிலருக்கு குமட்டும், அதுக்காக நிறுத்திடாத.

இன்னைக்கு எடுக்குற டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தாலும் அது பழைய கணக்குதான், சனிக்கிழமை மேட்டர் அதுல தெரியாது, டாக்டர் சொல்ற தேதில மறுபடி எடுக்கணும். ஜிஎச்ல இருக்குற ஐசிடிசில, அதாவது எச்ஐவி கவுன்சிலிங், டெஸ்ட் சென்டர்ல, டெஸ்ட் ஃப்ரீ. வீட்டுக்கு தெரிஞ்சிடுமோன்னு பயப்படாத, 2017 எச்ஐவி சட்டப்படி ரிசல்ட்ட ரகசியமா வச்சாகணும். கூச்சமா இருந்தா முதல்ல எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு அடி, அதுவும் ஃப்ரீ.

அப்புறம் உன்கூட இருந்தவங்க பாக்க ஹெல்தியா இருந்தாங்கன்னு எழுதியிருக்கியே, ஆள பாத்து எச்ஐவி இருக்கான்னு கண்டுபிடிக்கவே முடியாதுப்பா.