கார்வையின் கனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டூம் மெட்டல் என்ற மெதுவான, கனத்த மெட்டல் இசை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துத்தான் இந்த இசைக்குள் வந்தேன். ஓராண்டு ஆகிறது. வெள்ளிக்கிழமை வந்தால் புது ஆல்பங்களின் பட்டியலோடு உட்கார்ந்துவிடுவேன். ஸ்லட்ஜ், டூம், டெத், பிளாக் என்று மெட்டலின் பல வகைகளிலும் வாரத்துக்குப் பதினைந்து ஆல்பமாவது கேட்பேன், பெரும்பாலும் போனிலேயே. இப்போது எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கிறது. போன வாரம் கேட்டதில் ஒரு ரிஃப்கூட (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) நினைவில் இல்லை. நல்லதைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பதற்றம் மட்டும் மிச்சம். இந்த இசையே ஒரே அச்சில் வார்த்ததா, எனக்குக் காது போதவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காது போதவில்லை என்று நினைக்க வேண்டாம். வாரத்துக்குப் பதினைந்து ஆல்பம் கேட்டால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். 2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் வருகின்றன. அது விற்பவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட கிழமை. கேட்பவர் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

இந்த இசை தொடங்கிய இடத்தைப் பாருங்கள். பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி இங்கிலாந்தின் பர்மிங்காமில் உலோகத் தகடு ஆலையில் வேலை செய்தவர். பதினேழு வயதில் அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் வெட்டிவிட்டது. இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியவை அந்த விரல்கள்தான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். இழுத்துக் கட்டிய தந்தி அப்போதும் விரலைப் படுத்தியது. 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, ஒலி கனத்தது. இன்று நீங்கள் கேட்கும் டூம் எல்லாம் அந்தத் தளர்ந்த தந்தியிலிருந்து வந்தது.

கிட்டாரின் அடித்தந்தி வழக்கமாக 82 ஹெர்ட்ஸில் அதிரும். டூம், ஸ்லட்ஜ் குழுக்களில் அதை 55 வரை இறக்குபவர்கள் உண்டு. போன் ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் வராது, மேலே இருக்கும் இரைச்சல்தான் வரும். உங்கள் சிக்கலில் பாதி இதுவாகவே இருக்கலாம். முதலில் ஒரு நல்ல ஹெட்போனுக்கு மாறுங்கள்.

மீதிப் பாதி கார்வையில், அதாவது மீட்டிய சுரம் நீண்டு ஒலிப்பதில், இருக்கிறது. மிக மெதுவான விளம்ப காலத்தில் ஒரு குழு கிட்டாரை ஒருமுறை மீட்டி அப்படியே ஒலிக்க விடுகிறது. முதல் நொடியில் அது சுவர்போல வந்து மோதும். பிறகு அடிநாதம் வடிய ஆரம்பிக்கும். ஆம்ப்ளிஃபயரின் சத்தமே தந்தியை மறுபடி அதிரவைக்க, உள்ளிருந்து மெல்லிய மேல்நாதம் ஒன்று எழுந்து ஃபீட்பேக்காக ஊளையிடும். அது முழுதாக எழுவதற்குள் டிரம்மர் அடுத்த அடியைப் போட்டுவிடுவாரா, எழட்டும் என்று காத்திருப்பாரா? குழுவுக்குக் குழு வேறுபடுவது அங்கேதான். பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்டால் இது பிடிபடாது.

ஸ்லட்ஜின் கதை வேறு. பிளாக் ஃப்ளாக் என்ற, வேகத்துக்குப் பேர்போன ஹார்ட்கோர் பங்க் குழு 1984இல் ஓர் ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க வேகத்தைக் குறைத்து வாசித்தது. பங்க் ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் மெல்வின்ஸுக்குப் பிடித்தது. நியூ ஆர்லியன்ஸில் ஐஹேட்காட், குரோபார் போன்ற குழுக்கள் பங்கின் கோபத்தைச் சபாத்தின் கனத்தோடு சேர்த்தன. டூம் துக்கம் காக்கும், ஸ்லட்ஜ் சண்டைக்கு வரும். லூசியானாவின் தௌ குழு 2024இல் வெளியிட்ட 'அம்பிலிகல்' கேளுங்கள். சமரசம் செய்துகொண்ட மனிதனை விசாரிக்கும் ஆல்பம் அது, விசாரணையில் பாடுபவரும் தப்புவதில்லை. பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அந்த அலறலில் வார்த்தைகள் காதில் விழாது.

அதே ஆண்டில் பிளட் இன்கான்டேஷன் வெளியிட்ட 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' டெத் மெட்டல், உறுமும் குரலில் பாடும் வகை. பெர்லினின் ஹன்சா ஸ்டூடியோவில் பதிவானது. மொத்தம் இரண்டே பாடல்கள், ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்கு மேல். உறுமலின் நடுவே சின்தசைசர் வெளி திறந்துகொள்கிறது, ஜெர்மனியின் மின்னிசைக் குழுவான டேன்ஜரின் ட்ரீமின் இசைக்கலைஞர் ஒருவரும் வாசித்திருக்கிறார். இதைக் கேட்டபின் எல்லாம் ஒரே அச்சு என்று சொல்ல மாட்டீர்கள்.

ஆனால் உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஒரே ஃபஸ் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி), அதே இறக்கிய சுருதி, அதே ஆம்ப்ளிஃபயர் என்று வைத்துக்கொண்டு நகலெடுப்பவர்கள் நிறைய. நான் பார்ப்பது ஒன்றுதான்: ரிஃப் நான்காவது முறை திரும்பும்போது அதில் ஏதாவது மாறியிருக்கிறதா? டிரம் அரை நொடி பின்னால் விழுகிறதா? எதுவும் மாறவில்லை என்றால் தயங்காமல் நிறுத்திவிடுவேன்.

தவறவிடும் பயம் பற்றி. ஸ்லீப் குழு 1996இல் 63 நிமிட ஒற்றைப் பாடல் ஒன்றைப் பதிவுசெய்தது. நிறுவனம் வெளியிட மறுத்தது, குழு கலைந்தது. வேறொரு வடிவம் 1999இல் வந்தது, 'டோப்ஸ்மோக்கர்' என்ற பெயரில் முழுப்பதிவு 2003இல்தான் வந்தது. இந்த வகையில் மிகவும் கொண்டாடப்படும் படைப்புகளில் ஒன்று அது. ஏழு ஆண்டு காத்திருந்தும் அது பழசாகவில்லை. போன மாதம் வந்த ஆல்பத்தை நீங்கள் அடுத்த ஆண்டு கேட்டாலும் ஒன்றும் குறையாது.

இந்த மாதம் ஒன்றே ஒன்று கேளுங்கள். சியாட்டிலின் பெல் விட்ச், கிட்டார் இல்லாமல் பேஸையும் டிரம்மையும் முதன்மையாகக் கொண்ட இருவர் குழு. அவர்களுடைய முன்னாள் டிரம்மர் ஏட்ரியன் கெரா 2016இல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு 'மிரர் ரீப்பர்' வந்தது, 83 நிமிடத்துக்கு ஒரே பாடல். அதன் நடுவில் ஓரிடத்தில் கெராவின் குரலே ஒலிக்கிறது. முந்தைய ஆல்பத்துக்காக அவர் பாடிப் பயன்படுத்தாமல் விட்டிருந்த பதிவை எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அதுவரை நிதானமாக நடந்து வந்தவர்களுக்குத்தான் அந்தக் குரல் வரும்போது உடல் சிலிர்க்கும். நான் முதலில் கேட்டபோது முடிந்தபின் வெகுநேரம் ஹெட்போனைக் கழற்றவில்லை.

விளக்கை அணைத்துவிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டுக் கேளுங்கள். அதே குழு 2023இல் வெளியிட்ட 'தி கிளாண்டஸ்டைன் கேட்' அதற்குப் பிறகு. அதுவும் 83 நிமிடம்தான். கேட்டுவிட்டு எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து எழுதினாலும் சரி.