திருகாணி தொலைந்த தோட்டுக்கு அளவு எடுப்பது எப்படி?

கேள்வி: அம்மா கொடுத்த 916 தங்கத் தோட்டில் ஒரு பக்கத் திருகாணி தொலைந்துவிட்டது. இணையத்தில் திருகாணி மட்டும் விற்பவர் ஒருவர், தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் அனுப்பச் சொல்கிறார். இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளைப் பிடித்து அளக்கும் டிஜிட்டல் காலிப்பர் மகனிடம் இருந்தது, அதால் அளந்தேன். ஒருமுறை 0.93, அடுத்து 0.88, பிறகு 0.84. காலிப்பர் கெட்டுவிட்டதா? இன்னும் நுட்பமாக, திருகைத் திருகி அளக்கும் மைக்ரோமீட்டர் வாங்கியே ஆக வேண்டுமா? (வாசகி, செங்காங், சிங்கப்பூர்)

பதில்: காலிப்பர் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் அளப்பது வழவழப்பான கம்பியாக இருந்தால்தான் இந்த மூன்று எண்களைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும். தோட்டின் தண்டில் மரை ஓடுகிறது, அதாவது மேடும் பள்ளமும் மாறி மாறி வருகின்றன. காலிப்பரின் தாடை நுனியைக் கவனியுங்கள், கத்தி மாதிரி மெலிந்திருக்கும். குறுகிய இடுக்குகளில் நுழைவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அந்த மெல்லிய நுனியில் தண்டைப் பிடித்தால் அது ஒருமுறை மேட்டில் உட்காரும், இன்னொருமுறை பள்ளத்துக்குள் கொஞ்சம் இறங்கிவிடும். புரிகளுக்கு (மரையின் மேடுகளுக்கு) இடையே 0.25 மி.மீ. உள்ள சிறு திருகில் பள்ளத்தின் ஆழம் மட்டுமே 0.15 மி.மீ. அளவுக்கு வரும். 0.93 எப்படி 0.84 ஆனது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

தண்டைத் தாடையின் நுனிக்குக் கொண்டுபோகாமல், அளவுகோலுக்கு அருகே அகலமும் தட்டையுமாக இருக்கும் பகுதியில் வையுங்கள். அங்கே பத்துப் பன்னிரண்டு மேடுகள் ஒன்றாக அகப்படும், பள்ளத்தில் இறங்க வழியில்லை. இன்னொரு லாபமும் உண்டு. காலிப்பரில் பொருள் ஓரிடத்திலும் அளவுகோல் வேறோரிடத்திலும் இருக்கின்றன. நகரும் தாடை இம்மியளவு சாய்ந்தாலும், அந்தச் சாய்வின் விளைவு நுனியில்தான் அதிகம். ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே 1890இல் சொன்ன விதி இது: அளவுகோலும் அளக்கப்படும் தூரமும் ஒரே கோட்டில் இருந்தால் பிழை குறையும். மைக்ரோமீட்டரில் திருகும் பொருளும் ஒரே கோட்டில் இருப்பதால்தான் அதை அதிகம் நம்புகிறோம்.

அளக்கும் முன் ஒரு சின்ன வேலை. தாடைகளுக்கு நடுவே சுத்தமான வெள்ளைத் தாளை வைத்து மெதுவாக மூடி, தாளை உருவுங்கள். எண்ணெயும் தூசியும் தாளோடு வந்துவிடும். மறுபடி மூடி, சுழியம் வருகிறதா என்று பாருங்கள். 0.02 காட்டினால் சுழிய பொத்தானை அழுத்துங்கள். திறந்து மூடும்போது ஒவ்வொரு தடவையும் சுழியம் வேறாக வந்தால், அழுக்கு இன்னும் இருக்கிறது அல்லது நீங்கள் அழுத்தும் விசை மாறுகிறது. எண் துடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். எஸ்ஆர்44 வகை சில்வர் ஆக்சைடு பேட்டரி தீரும்வரை மின்னழுத்தத்தை ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்திருக்கும். எல்ஆர்44 மலிவு, ஆனால் அதன் மின்னழுத்தம் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும்.

அழுத்தும் விசைதான் பெரிய விஷயம். 916 தங்கம் மிருதுவானது. பெருவிரலால் இறுக்கித் தள்ளினால் மரையின் மேடுகள் நசுங்கும், பிறகு எந்தத் திருகாணியும் ஒழுங்காக ஏறாது. தாடை தொட்டதும் நிறுத்துங்கள். தண்டை லேசாக உருட்டிப் பார்த்தால் உரசல் விரலுக்குத் தெரிய வேண்டும், சிக்கக் கூடாது. தண்டைக் கால் சுற்று திருப்பி, ஐந்து முறை அளந்து, எண்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். ஒரே ஒரு தப்பான எண் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

திரையில் இரண்டு தசம இடங்கள் தெரிவதால் கருவி அவ்வளவு துல்லியம் என்று எண்ணாதீர்கள். 150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பர்களின் பிழை பொதுவாக ±0.02 முதல் 0.03 மி.மீ. வரை. எனவே உங்கள் கருவி 0.93 என்றால், நான் அதை "0.90க்கும் 0.96க்கும் நடுவில்" என்றுதான் படிப்பேன். திருகாணிக்கு இது போதும். நல்ல 0–25 மி.மீ. மைக்ரோமீட்டரின் பிழை 0.002 முதல் 0.004 மி.மீ. வரைதான். ஆனால் ஒரு திருகாணிக்காக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரிடமாவது இரவல் கிடைத்தால், கடைசி முனையில் உள்ள, விசை அளவை மீறினால் வழுக்கிவிடும் ராட்செட் குமிழை மட்டும் பிடித்து மெதுவாகத் திருகுங்கள், எண்கள் பொறித்த உருளையை நேராகத் திருகாதீர்கள். எண் படிக்கும்போது அரை மில்லிமீட்டர் கோட்டைக் கவனிக்க வேண்டும். 0.5 கோடு வெளியே தெரிந்து உருளை 40இல் நின்றால் அளவு 0.90. கோட்டைத் தவறவிட்டால் 0.40 என்று எழுதிவிடுவீர்கள்.

காலிப்பரை நம்பலாமா என்று பார்க்க ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நாணயம் எடுங்கள். 2013இல் வந்த மூன்றாம் வரிசை ஒரு வெள்ளியின் விட்டம் 24.65 மி.மீ., தடிமன் 2.50 மி.மீ. புழங்கிய நாணயம் தேய்ந்திருக்கும், ஆகவே இது பெரிய கோளாறைக் காட்டிக்கொடுக்கும் சோதனை மட்டுமே. வித்தியாசம் 0.1 மி.மீ. வந்தால் கருவியைச் சந்தேகியுங்கள்.

ஊரின் வெப்பம் பற்றிப் பலர் கேட்பதுண்டு. அளவீட்டின் உலகத் தரம் 20 டிகிரி செல்சியஸ், நம் ஊரில் பகலில் 31. அரை மீட்டர் எஃகுத் தண்டு அந்த 11 டிகிரியில் 0.06 மி.மீ. நீளும், தொழிற்சாலையில் அதைக் கட்டாயம் கணக்கில் எடுப்போம். உங்கள் 0.9 மி.மீ. தண்டில் மாற்றம் 0.0002 மி.மீ.கூட வராது, மறந்துவிடுங்கள். ஏர்கான் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் தாடையில் பனிக்கும் ஈரம்தான் வில்லன். துடைக்காமல் பெட்டியில் போட்டால் துரு பிடிக்கும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பை போட்டு வையுங்கள்.

இனி விற்பவர் கேட்காமல் விட்ட விஷயத்துக்கு வருவோம்: புரிகளுக்கு இடையேயான தூரம். விட்டம் சரியாக இருந்தும் இது மாறினால், திருகாணி ஒன்றரைச் சுற்றிலேயே இறுகி நிற்கும். காலிப்பரை 2.50 மி.மீ.க்குத் திறந்து பூட்டுங்கள். தாடை நுனிகளுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் தண்டைப் படுக்க வைத்து, கைப்பேசியில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். அந்த இடைவெளிக்குள் எத்தனை புரி என்று எண்ணுங்கள். மேடுகளை எண்ணாமல், மேட்டுக்கு மேடு உள்ள இடைவெளிகளை எண்ண வேண்டும். 10 இடைவெளி வந்தால் ஒன்று 0.25 மி.மீ. 11 வந்தால் ஏறக்குறைய 0.225. கைக்கடிகாரத் திருகுகளின் தர வரிசையில் 0.9 மி.மீ. தண்டுக்கு 0.225உம் 1 மி.மீ. தண்டுக்கு 0.25உம் உண்டு. ஆனால் ஆசாரி கையால் மரை போட்ட பழைய தோடு எந்தத் தர வரிசைக்கும் கட்டுப்படாது.

மற்றப் பக்கத் திருகாணியின் துளையைக் காலிப்பரின் உள்தாடையால் அளக்க முயலாதீர்கள். இவ்வளவு சின்னத் துளைக்குள் அது நுழையவே நுழையாது.

விற்பவர் கம்பியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண்ணில் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டிஷ் கணக்கில் 20 கேஜ் 0.914 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் அதே 20 கேஜ் 0.812. எப்போதும் மில்லிமீட்டர்தான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், தோட்டையும் மிச்சமுள்ள திருகாணியையும் எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் பழுது பார்க்கும் நகைக்கடைக்குப் போவேன். தண்டிலேயே திருகிப் பார்த்து வாங்கினால் அளவுக்கே வேலையில்லை. இணையத்தில்தான் வாங்குவதென்றால் தண்டின் வெளிவிட்டம், புரி இடைவெளி, தண்டின் நீளம் மூன்றையும் நீங்கள் எடுத்த படத்தோடு அனுப்புங்கள். முதலில் வெள்ளியில் ஒன்று வரவழைத்துப் பாருங்கள். பொருந்தினால் தங்கத்துக்குச் சொல்லலாம். புதுத் திருகாணியை முதல்முறை ஏற்றும்போது விரல் நுனியால் மட்டும் திருகுங்கள், இடுக்கி வேண்டாம்.