வீட்டில் யாருக்கும் காது கேளாமை இல்லை, சைகை மொழி கற்றுக்கொள்வது வீணா?

வேலை போக தினமும் ஒரு மணி நேரம் மிஞ்சுகிறது, ஆனால் உறவிலும் நட்பிலும் காது கேளாதவர் யாரும் இல்லை, கற்று யாரிடம் பேசப்போகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ அலுவலகத்திலோ வங்கியிலோ வேலை பார்ப்பவர் என்று நினைக்கிறேன். "வீணா" என்ற சொல்லைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. வீட்டிலேயே ஆள் இருந்தும் இருபது வருடம் கற்றுக்கொள்ளாமல் இருந்தவள் நான்.

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடு எங்களுடையது. தம்பி 1991இல் பிறந்தான், பிறவியிலேயே காது கேட்காது. மலைக்குக் கீழே விடுதியோடு இருந்த ஒரு பள்ளியில் சேர்த்தோம். "வீட்டில் யாரும் கையால் பேசாதீர்கள், வாயசைவைப் பார்த்துப் பேசப் பழகட்டும்" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள். பள்ளியில் அதுதான் விதி. ஆனால் விடுதியில் விளக்கு அணையும்வரை பிள்ளைகள் தங்களுக்குள் கையால்தான் பேசிக்கொண்டார்கள். லீவுக்கு வந்தால் அவன் கை எழும்போதெல்லாம் அம்மா பிடித்துக் கீழே இறக்கிவிடுவாள். பிள்ளை பேசிவிடுவான் என்ற ஆசையில் செய்ததுதான். 1880இல் மிலான் நகரில் கூடிய ஒரு மாநாடு பள்ளிகளில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டதை நான் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். 2010இல் வான்கூவரில் அதே மாநாடு அந்தத் தீர்மானத்தைத் தள்ளிவிட்டது. அதற்குள் என் தம்பி படிப்பையே முடித்துவிட்டான்.

ஆக, வீட்டில் அவனிடம் எங்களுக்கு இருந்தது பத்துப் பதினைந்து சைகை. சாப்பாடு, தூக்கம், காசு, மழை, அப்பா வருகிறார். அவ்வளவுதான்.

2012 மே மாதம் ஒருநாள் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எங்கே வலி, எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். தம்பி வயிற்றில் கை வைத்தான். பிறகு இரண்டு விரலைக் காட்டி, தோளுக்கு மேலாகப் பின்பக்கம் கையை வீசினான். திரும்பத் திரும்ப அதையே செய்தான். நான்தான் டாக்டரிடம் சொன்னேன்: "வயித்துல ஆரம்பிச்சு முதுகுக்குப் போகுதாம் சார், ரெண்டு இடத்துல வலியாம்." கல்லடைப்பாக இருக்கும் என்று வலிக்கு ஊசி போட்டு, காலையில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்லவே மாட்டேன். நான் சொன்னதை வைத்துத்தானே அவர் பார்க்க முடியும்.

அவன் சொன்னது "இரண்டு நாளுக்கு முன்னால்". சைகை மொழியில் கடந்த நாள் முதுகுப் பக்கம் இருக்கிறது, வரப்போகிற நாள் முன்பக்கம் இருக்கிறது. இது தெரிந்திருந்தால் போதும். அன்று ராத்திரியே குடல்வால் வெடித்துவிட்டது.

கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். சீசன் நேரம், மலர்க் கண்காட்சிக்கு வந்த வண்டிகள் மேட்டுப்பாளையம் ரோட்டில் வரிசையாக நின்றன. ஒதுங்க இடம் இருந்தும் ஒதுங்காமல் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே அனுமதி வாங்கும் இ-பாஸ் வந்துவிட்டது, ஆனாலும் இன்றும் மே மாதத்தில் மலையிலிருந்து ஒரு நோயாளியை இறக்குவது எங்களுக்குப் பயம்தான். ஊரைப் பார்க்க வாருங்கள், ஆனால் சைரன் கேட்டால் ஒதுங்குங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தம்பி பிழைத்தான். பதினெட்டு நாள் வார்டில் இருந்தோம். அவனோடு படித்த பையன் ஒருவன் பார்க்க வந்தபோதுதான், எழுதிக் காட்டி, அந்தக் கைவீச்சின் அர்த்தத்தை எனக்குச் சொன்னான். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கற்க ஆரம்பித்தேன்.

இதைப் படித்துவிட்டு, இப்போதுதான் அறுவை செய்து காதில் பொருத்தும் காக்ளியர் கருவி இருக்கிறதே, பேச்சுப் பயிற்சி இருக்கிறதே என்று சிலர் வருவார்கள். நான் எதற்கும் எதிரி இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தக் கருவியை இலவசமாகவே பொருத்துகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் கருவியைக் கழற்றிவைத்த நேரத்திலும் பிள்ளைக்கு ஒரு மொழி வேண்டும். என் தம்பி மாதிரி வளர்ந்துவிட்டவர்களுக்கு அதுதான் மொழியே. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் காது கேளாதவர்கள் ஏறக்குறைய 50 லட்சம் பேர். அவர்களில் யாராவது ஒருநாள் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கவுன்ட்டருக்கு வரத்தான் செய்வார். கூட வந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் எதிரே இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கற்பதென்றால் ஒரு விஷயம் கவனியுங்கள். உலகம் முழுக்க ஒரே சைகை மொழி என்று நினைத்து நான் முதல் மூன்று மாதம் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து ஆங்கில எழுத்துகளை ஒற்றைக் கையால் பழகினேன். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே பெரும்பாலான எழுத்துக்கு இரண்டு கையும் வேண்டும். டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் போட்டிருக்கும் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 பதிப்பில் பத்தாயிரம் சொற்கள். சில சொற்களுக்கு நம் பக்கத்துச் சைகை வேறாக இருக்கும், பழகினால் பிடிபடும். முகத்தையும் சேர்த்துப் பழகுங்கள். புருவம் தூக்காமல் கேட்டால் அது கேள்வியாகவே தெரியாது என்று தம்பி என்னை இன்றும் திருத்துகிறான்.

அவன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் வருவான். எங்கள் லைனில் சிக்னல் கிடையாது, கோயில் மேட்டுக்கு ஏறுவேன். மூடுபனி இறங்கிவிட்டால் கை தெரியவில்லை என்பான். மகளை டார்ச் பிடிக்கச் சொல்லிப் பேசுவேன்.

தினமும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்கிறீர்கள், அரை மணி போதும். முதல் வாரம் எழுத்துகளும் எண்களும் பாருங்கள். அப்புறம் நிறம், பழம் என்று போகாமல் "எங்கே வலிக்கிறது", "எத்தனை நாளாக", "யாரைக் கூப்பிட வேண்டும்" இந்த மூன்றையும் படித்துக்கொள்ளுங்கள்.